எங்கள் ஊராட்சி பேரூராட்சி ஆகுமாம். அப்போது ஏரி யாருடையது?

ஏரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், பாலாற்றுப் படுகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கிராமம் ஒன்று, அதைச் சேர்ந்த குக்கிராமங்கள் நான்கு. வடக்கே பெரிய ஏரி, கிழக்கே தாங்கல் என்கிற ஒரு சின்ன ஏரி, தெற்கே கரடு என்கிற சிறு குன்று, நடுவே ஓடை. மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம்.

பொங்கலுக்குப் போயிருந்தேன். எங்கு திரும்பினாலும் ஒரே பேச்சு: ஊராட்சியைப் பேரூராட்சி ஆக்கப்போகிறார்களாம். ரோட்டோரம் மனை வாங்கிப் போட்டவர்களுக்குச் சந்தோஷம். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களுக்குக் கோபம். என் அப்பா மட்டும் இரண்டு பக்கமும் சேராமல், "அதெல்லாம் இருக்கட்டும்டா, ஏரி யார் கணக்குல போவும்?" என்றார். யாரிடமும் பதில் இல்லை.

விஷயம் என்னவென்றால், கரையும் இரண்டு மதகுகளும் எங்கள் ஊரில். தண்ணீர் நிற்கிற பரப்பில் பாதி பக்கத்து ஊராட்சியில். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்கு மூன்றாவது ஊராட்சியில். ஆனால் எல்லோரும் சொல்வது "எங்கள் ஊர் ஏரி" என்றுதான். இந்தக் கோட்டை யார், எப்போது போட்டார்கள்? பேரூராட்சி ஆனால் கோடு நகருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கு:
தம்பி, உங்கள் அப்பா கேட்டதுதான் கேள்வி. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசாங்கத்தின் கண்ணில் உங்கள் ஊர் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று வருவாய் கிராமம். அது நிலத்தைப் பார்க்கிற கண். புல எண், பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு எல்லாம் அதன் கீழ். மேலே குறுவட்டம், அதற்கு மேலே வட்டம், கோட்டம், மாவட்டம். இன்னொன்று ஊராட்சி. அது ஆட்களைப் பார்க்கிற கண். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, வீட்டு வரி. அதற்கு மேலே ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. இந்த இரண்டு எல்லையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. ஒரே வருவாய் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சி இருக்கும், ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமம் இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சுடுகாடு ஒரு கிராமத்துக் கணக்கில், அதற்குப் போகிற வண்டிப்பாதை இன்னொரு கிராமத்துக் கணக்கில். செத்தவருக்குத் தெரியாது, சுமந்து போகிறவருக்குத் தெரியும்.

வருவாய் கிராமக் கோடு வெள்ளைக்காரன் காலத்து நில அளவையில் போட்டது. கல் நட்டு, சங்கிலி பிடித்து அளந்தார்கள். பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், நாங்கள் யூடிஆர் என்போம், ஏடுகளை எல்லாம் புதுப்பித்தார்கள். அப்போது புகுந்த பிழைகளை இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அதனால் "கலிங்கு அந்த ஊரில் இருக்கிறது" என்பது உண்மையிலேயே பழைய எல்லையா, ஏட்டில் விழுந்த பிழையா என்று முதலில் பாருங்கள். புலப்பட நூலில், அதாவது ஒவ்வொரு புலத்தின் அளவைப் படமும் உள்ள ஏட்டில், அந்தப் புல எண்ணின் படத்தை நகல் வாங்குங்கள்.

ஊராட்சி பேரூராட்சி ஆவதால் வருவாய் கிராமக் கோடு ஓர் அடி கூட நகராது. மாறுவது இரண்டாவது கண் மட்டும்தான். ஏரியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீளம்.

மேட்டுத்தெரு:
நாங்கள் பேரூராட்சியில் இருபது வருஷமாக இருக்கிறோம். குப்பை வண்டி வருகிறது, பாட்டுப் போடுகிறது, போய்விடுகிறது. குப்பை இருக்கிறது. வாழ்த்துகள்.

செம்பருத்தி:
மேட்டுத்தெரு அண்ணனுக்கு எப்போதும் நக்கல்தான். நான் ஒரு தடவை ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவள், ஒன்று சொல்கிறேன். வரி, வேலை என்று எல்லோரும் பேசுகிறார்கள், ஓட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஊராட்சியில் ஒரு வாக்காளருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. நான்கு நிறத்தில் சீட்டு கொடுப்பார்கள். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். என் மாமியார் நிறத்தை வைத்துத்தான் ஓட்டுப் போடுவார். பேரூராட்சி ஆன அன்றைக்கு ஒன்றியமும் போய்விடும், மாவட்ட ஊராட்சியும் போய்விடும். மிச்சம் ஒரே ஓட்டு, அதுவும் வார்டு கவுன்சிலருக்கு. தலைவரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். 2011இல் பேரூராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் மறைமுகத் தேர்தல்தான்.

இன்னொன்று. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதாவது கொடுப்பார்கள். உள்ளுக்குள் கட்சி இருக்கத்தான் செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் கட்சியில் இடம் கேட்டு வரிசையில் நிற்காமல் சாதாரணப் பெண் ஒருத்தி நிற்க முடிகிறது. நான் நின்றது அப்படித்தான். இங்கே ஒன்றியமும் மாவட்டமும் மட்டும்தான் கட்சி அடிப்படை. பேரூராட்சியில் வார்டிலிருந்தே கட்சிதான்.

ஏரிக்கரை:
செம்பருத்தி அக்கா, நான்கு ஓட்டு ஒரு ஓட்டாகும் என்பதை நான் யோசித்ததே இல்லை. ஊரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது, அதில் ஒருவர் தலைவராக வந்தார். அவரும் பேரூராட்சி வேண்டும் என்கிற பக்கம்தான் என்று கேள்வி.

புதுநகர்:
எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். நான் வேண்டும் என்கிற கட்சி. காரணம் சொல்கிறேன்.

ஓர் ஊராட்சியில் முழுநேர ஆள் என்று யார் இருக்கிறார்? செயலர் ஒருவர், நாம் கிளார்க் என்கிறோம். வரி வசூல், பிறப்புச் சான்று, கிராமசபை நோட்டு, வீட்டுத் திட்டப் பயனாளி பட்டியல் எல்லாம் அவர் தலையில். பல இடங்களில் ஒரே செயலர் பக்கத்து ஊராட்சியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அப்புறம் மோட்டார் போடுகிற ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள். பொறியாளர் வேண்டும் என்றால் ஒன்றிய அலுவலகத்துக்கு ஓட வேண்டும், அங்கே அவருக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஊராட்சி. பேரூராட்சியில் செயல் அலுவலர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். வரி வசூலிப்பவர், துப்புரவு மேற்பார்வையாளர் என்று ஓர் அலுவலகம் இருக்கும். போய் நின்று சண்டை போடவாவது ஒரு மேசை இருக்கிறது.

தலைவரின் நிலையைப் பாருங்கள். ஊராட்சித் தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். பேரூராட்சித் தலைவருக்கு 2023இலிருந்து 10,000. இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு முழு ஊரையும் பார்த்துக்கொள் என்றால், அந்த ஆள் வேறு எங்கோ கை வைக்காமல் என்ன செய்வார்?

ஏழாயிரம் பேர் கொண்ட ஊர் ஊர்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்களின் கணக்கு வேறு. 5,000 பேருக்கு மேல் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்ந்து, ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் தவிர்த்த வேலை செய்தால் அது நகரம். ஏரிக்கரை, உங்கள் தெருவில் எத்தனை ஆண்கள் இன்னும் ஏர் பிடிக்கிறார்கள்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
எண்ணினேன். எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. பயிர் வைப்பவர் ஐந்து வீட்டில், அதிலும் மூவருக்கு அறுபது வயதுக்கு மேல். கம்பெனி பஸ் பத்தொன்பது வீட்டு வாசலில் நிற்கிறது. உங்கள் வாதத்துக்கு வலு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குக்கிராமங்களில் நிலைமை தலைகீழ். கரட்டோரம் உள்ள இரண்டிலும் ஆடு மாடும் கூலி வேலையும்தான். தாய்க்கிராமத்துக்கு ஒரு கணக்கு, அவர்களுக்கு ஒரு கணக்கு. ஆனால் பெயர்ப்பலகை எல்லோருக்கும் ஒன்றுதானே?

செம்பருத்தி:
அங்கேதான் வலிக்கும் தம்பி. நூறு நாள் வேலை 2005ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது, ஊரகத்துக்கு மட்டும். 2024-25இல் நாள் கூலி 319 ரூபாய். முழுதாகக் கிடைப்பதில்லை, தாமதமாக வருகிறது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் கரட்டோரத்துப் பெண்ணுக்கு ஆம்பளையிடம் கேட்காமல் கையில் வருகிற காசு அது ஒன்றுதான். நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்றை 2022இல் ஆரம்பித்தார்கள், தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும். அதை நம்பி இதை விடமுடியாது.

வரியும் சொல்லிவிடுகிறேன். ஊராட்சியில் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு வரி, சின்னத் தொகை. பேரூராட்சியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சொத்து வரி. காலி மனைக்கும் வரி உண்டு, ஊராட்சியில் அது கிடையாது. 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் வரியை உயர்த்தியபோது, பேரூராட்சியில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலே 100 சதவீதம் ஏறியது. மனை வாங்கிப் போட்டவர்கள் சந்தோஷப்படுகிறார்கள் என்றீர்களே, அவர்களிடம் காலிமனை வரி என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

மேட்டுத்தெரு:
இந்தப் பலகை விளையாட்டு புதிதில்லை. 2004இல் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் பேரூராட்சி "சிறப்பு ஊராட்சி" ஆகியிருந்தது. தமிழ்நாடு முழுக்கப் பேரூராட்சிகள் பலவற்றையும் அப்படி மாற்றினார்கள். 2006இல் ஆட்சி மாறியது, மறுபடி பேரூராட்சி. பெயிண்டர் ஒருவர் இரண்டு தடவையும் எழுதினார், இரண்டு தடவையும் காசு வாங்கினார். சாக்கடை இருந்த இடத்தில் இருந்தது.

புதுநகர்:
மேட்டுத்தெரு, அந்த மாற்றத்துக்குச் சொன்ன காரணத்தையும் சொல்லுங்கள். ஊராட்சி என்று இருந்தால்தான் மத்திய அரசின் ஊரக வளர்ச்சிப் பணம் வரும் என்பதற்காகத்தான் மாற்றினார்கள். அதாவது ஊர் மாறவில்லை, பணம் வருகிற வாய்க்கால் மாறியது.

மேட்டுத்தெரு:
நானும் அதைத்தான் சொன்னேன். நீங்கள் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறீர்கள்.

கல்வெட்டுப் பிரியன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உள்ளாட்சி என்றாலே உத்திரமேரூர் என்கிறோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகள். ஊரை நிர்வகிக்கும் வாரியம் என்கிற குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அதில் இருக்கிறது: முப்பது குடும்பு, அதாவது வார்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். சொந்த மனையில் வீடு. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம்! ஏரிக்கரை, உங்கள் அப்பா அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அதில் இருந்திருப்பார்.

வேடிக்கை என்ன தெரியுமா? இன்று உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. அதாவது கிராமசபை என்று சட்டம் சொல்கிற கூட்டம் அந்த ஊருக்கே இல்லை. நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் ஊராட்சிகளில் எல்லாம் கிராமசபை கூடும்போது, குடவோலைக்காரர் ஊருக்கு அது கிடையாது.

செம்பருத்தி:
அருமையான தகவல். ஆனால் ஏரிக்கரை தம்பியின் அப்பா அந்த ஏரி வாரியத்தில் இருந்திருப்பார் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. வேதம் படித்திருக்க வேண்டும் என்பதும் தகுதிப் பட்டியலில் உண்டு. என்னைப் போன்றவள் குடத்துக்குப் பக்கத்திலேயே போயிருக்க முடியாது. இன்றைக்கு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எனக்கு இந்தக் குடம் போதும்.

கல்வெட்டுப் பிரியன்:
ஏற்கிறேன் அம்மா. கணக்குக் காட்டாதவன் உறவினரும் நிற்கக் கூடாது என்பதை மட்டுமாவது கடன் வாங்கலாமே என்ற ஆசையில் எழுதினேன்.

புதுநகர்:
பேரூராட்சியில் மக்கள் கூட்டமே இல்லை என்பது சரியில்லை. 2022இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று விதி வந்தது.

செம்பருத்தி:
வந்தது. கூட்டியது யார், போனது யார் என்று உங்கள் வார்டில் கேட்டுச் சொல்லுங்கள். கிராமசபை அப்படி இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள், எல்லோருக்கும் மனப்பாடம். தலைவரே கூட்டாமல் இருக்க முடியாது. எத்தனை பேர் வர வேண்டும் என்றும் கணக்கு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. வரவு செலவை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நான் உறுப்பினராக இருந்தபோது ஒரு கூட்டத்தில், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒரே வருஷத்தில் மூன்று தடவை பழுதானதாகச் செலவு வாசித்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பாட்டி, "அந்த மோட்டாரு எங்க வூட்டு வாசல்ல இருக்குது, ஒரு நாளும் கழட்டல" என்றது. அவ்வளவுதான், கூட்டம் முடிய சாயங்காலம் ஆனது. இந்த மாதிரி ஒரு பாட்டி பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் உட்காரவே முடியாது. அங்கே பேசுகிற உரிமை கவுன்சிலருக்குத்தான்.

மட்டுறுத்துநர்:
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சி ஆட்சியில் எது நடந்தது என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. பழைய கணக்கு ஐயா ஏரியைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார், எல்லோரும் காத்திருக்கிறோம்.

பழைய கணக்கு:
கண் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, அதனால் தாமதம். மருமகள் தட்டச்சுகிறாள், பிழை இருந்தால் அவள் பொறுப்பு.

தமிழ்நாட்டில் ஏரி யாருடையது என்பதைத் தண்ணீரை வைத்துப் பார்க்கமாட்டார்கள், பாய்கிற நிலத்தை வைத்துப் பார்ப்பார்கள். அந்த நிலத்துக்குப் பெயர் ஆயக்கட்டு. அது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறை, 2021க்குப் பிறகு நீர்வளத் துறை. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் பெரிய ஏரியில் இரண்டு மதகு என்றால் ஆயக்கட்டு பெரும்பாலும் நூறைத் தாண்டும். ஆகவே அது நீர்வளத் துறையுடையது. இன்றைக்கும் உங்கள் ஊராட்சியுடையது இல்லை, நாளைக்குப் பேரூராட்சியுடையதும் ஆகாது. தலைவர் கரையில் பனைவிதை நடலாம், மதகைத் தொட முடியாது.

பெரிய உதாரணம் வேண்டுமா? காவேரிப்பாக்கம். பாலாற்று அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்குகிற ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, பல்லவர் காலத்தது. ஊர் பேரூராட்சி. ஊரின் அடையாளமே ஏரிதான், ஆனால் அதன் மதகைத் திறக்கிற சாவி பேரூராட்சி அலுவலகத்தில் இல்லை.

இதற்கு நடுவில் மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு. 2000ஆம் வருஷம் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஆயக்கட்டுதாரர்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்துத் தேர்தல் வைக்க வேண்டும். உங்கள் ஏரிக்கு அப்படி ஒரு சங்கம் இருக்கிறதா, தலைவர் யார் என்று அப்பாவைக் கேளுங்கள். தண்ணீர்ச் சண்டை வந்தால் பேச வேண்டிய இடம் அதுதான். முன்பு நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பார். மடை திறப்பதும் முறை வைப்பதும் அவர் பொறுப்பு, அறுப்பில் அவருக்கு ஒரு பங்கு நெல். சட்டம் எதுவும் இல்லாமல் நடந்தது.

இப்போது உங்கள் தாங்கலுக்கு வருவோம். அது சின்னது, ஒன்றியத்தின் கையில் இருக்கும். உண்மையில் மாறப்போவது அதுதான். ஊர் ஒன்றியத்தை விட்டு வெளியே போனால் தாங்கலும் ஊர்க் குளங்களும் பேரூராட்சியின் சொத்துப் பட்டியலுக்குப் போகும். மீன்பாசி குத்தகையும் அதோடு போகும். நகர அமைப்புகளின் கையில் போன சின்ன நீர்நிலைகள் பலவற்றின் கதி எனக்குத் தெரியும். முதலில் சுற்றிலும் நடைபாதை போடுவார்கள். அப்புறம் கல் பதிப்பார்கள், வண்ண விளக்கு வைப்பார்கள். தண்ணீர் வருகிற வரத்துக்கால்வாயை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அது மூன்று ஊர் தள்ளி ஆரம்பிக்கிறது.

பாலாற்றுப் படுகையில் ஒரு ஏரியும் தனி ஏரி இல்லை தம்பி. ஆறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 நம் மாநிலத்தில். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். அதனால்தான் நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அதற்குக் கீழே. உங்கள் கலிங்கு மூன்றாவது ஊராட்சியில் இருப்பதில் அதிசயம் இல்லை. கலிங்கில் வழிகிற தண்ணீர் அந்த ஊர் ஏரிக்குத்தான் போகிறது. ஒருவன் வயிறு நிறைந்தபின் அடுத்தவனுக்குப் போகிற வாசல் அது. எல்லைக்கல் வைத்தவன் முட்டாள் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், யூடிஆர் பிழை என்று நான் முன்பு சந்தேகப்பட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புதுநகர்:
ஐயா, இது எனக்கும் புதிது. ஏரி எப்படியும் ஊராட்சியிடம் இல்லை என்றால், ஏரிக்காகப் பேரூராட்சியை எதிர்ப்பதில் அர்த்தம் இல்லையே?

பழைய கணக்கு:
பெரிய ஏரிக்கு அர்த்தம் இல்லை. ஓடைக்கும் தாங்கலுக்கும் இருக்கிறது. மேய்க்கால், களம், சுடுகாடு, மந்தைவெளி, தோப்பு என்று புறம்போக்குகள் ஊராட்சியின் மேற்பார்வையில் இருக்கின்றன. கிராமசபையில் பாட்டி எழுந்து "அங்கே ஒருத்தன் வேலி போட்டுட்டான்" என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. நீர்வளத் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டமே வந்தது. தாங்கலுக்கு அந்தச் சட்டத்தின் காவல் இல்லை, ஊர்க்காரன் கண்தான் காவல்.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஏழாயிரம் பேருக்கு ஒரே கிளார்க் என்பது அநியாயம். ஆள் போடுவதற்குப் பலகையை மாற்றத்தான் வேண்டுமா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஏரிக்கரை:
நேற்று ஊருக்குப் போய் வந்தேன். அப்பாவோடு ஏரியைச் சுற்றி நடந்தோம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தலையாரியும் கூட வந்தார். கலிங்குக்கு இப்பால் கருவேலம் புதரில் எல்லைக்கல் இருக்கிறது, சாய்ந்து கிடக்கிறது, ஆனால் இருக்கிறது. பழைய கணக்கு ஐயா சொன்னதுதான்: அந்தக் கல்லிலிருந்து பார்த்தால் கீழ் ஊர் ஏரி நேராகத் தெரிகிறது.

தாங்கல்தான் கலக்கம். வரத்துக்கால்வாயில் சுமார் எண்பது அடிக்கு யாரோ மண் கொட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். மனைப்பிரிவு வரப்போகிறது போல. அப்பா ஒன்றும் பேசவில்லை, திரும்பி வரும் வழியில் "நீரு வர்ற வழியில வீடு கட்டுனா, நீரு வீட்டுக்கு வரும்" என்றார்.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கிறது என்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது. அவரே உறுப்பினராம். கூட்டம் நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டேன், சிரித்தார்.

பேரூராட்சி வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. ஆனால் மார்ச் 22 கிராமசபைக்கு மூன்று தீர்மானம் எழுதியிருக்கிறேன். தாங்கலையும் வரத்துக்கால்வாயையும் அளந்து கல் நட வேண்டும். மண் கொட்டிய இடத்தை மீட்க வேண்டும். தரம் உயர்த்துவதாக இருந்தால் முன்கூட்டியே குக்கிராமம் வாரியாகக் கருத்துக் கேட்க வேண்டும். மூன்றாவதை அரசு மதித்தே ஆக வேண்டும் என்றில்லை, தெரியும். முதல் இரண்டுக்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

பழைய கணக்கு:
தீர்மானத்தில் புல எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். "தாங்கல்" என்று மட்டும் எழுதினால் எந்தத் தாங்கல் என்று கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். நானே அனுப்பியிருக்கிறேன்.

புதுநகர்:
மண் கொட்டிய இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நான் வேண்டும் என்கிற கட்சிதான், ஆனாலும் இதில் உங்களோடு.

செம்பருத்தி:
ஏழாயிரம் பேர் என்றால் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மார்ச் வெயில், மத்தியானம் ஆனால் ஆள் நிற்காது. காலை பதினோரு மணிக்குள் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பந்தலும் மோரும் ஏற்பாடு பண்ணுங்கள். கரட்டோரத்துப் பெண்களுக்கு முதல் நாளே நேரில் போய்ச் சொல்லுங்கள், தண்டோரா அங்கே கேட்காது. தீர்மான நோட்டில் உங்கள் மூன்றையும் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், வெற்றுப் பக்கத்தில் யாரையும் போட விடாதீர்கள்.